மெனுவுக்கு முன் மணிக்கணக்கு

கேள்வி: போன கோடையில் குடும்பத்தோடு எட்டுப் பேர் இரண்டு கார்களில் சுற்றுலா போனோம். முட்டையும் கோழியும் போட்டுச் சோறு கிளறி எடுத்துப் போனேன். முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கே செய்து, அடுப்பு மேலேயே மூடி வைத்திருந்தேன். விடியற்காலையில் ஆவி பறக்கச் சூடு பண்ணி, பெரிய டப்பாவில் அழுத்தி அடைத்துக்கொண்டு கிளம்பினோம். மதியம் ஒன்றரைக்குத்தான் சாப்பிட்டோம். வாசனையும் ருசியும் கொஞ்சங்கூட மாறவில்லை. ஆனால் நாலு மணிக்குள் நான், என் மகன், மாமியார் மூவரும் வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டோம். "இனிமேல் நீ எதுவும் கட்டாதே, வழியில் வாங்கிக்கொள்ளலாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, நாலு மணி நேரப் பயணம், ராத்திரி திரும்பிவிடுவோம். மகனுக்கு 7 வயது, கார் என்றாலே குமட்டும். மகளுக்கு 2 வயது. மாமனாருக்குச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். பிரஷர் மாத்திரையும் உண்டு. நாத்தனார் ஆறு மாதக் கர்ப்பிணி. எதைக் கட்டுவது, எப்படிக் கட்டுவது, காரில் கொறிக்க என்ன கொடுப்பது? அவ்வளவு சூடு பண்ணியும் எப்படிக் கெட்டது?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் மற்றதற்கெல்லாம் நீங்களே பாதி விடை கண்டுபிடித்துவிடுவீர்கள்.

சோறு கெட்டது காரில் அல்ல, அடுப்பு மேலே. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பாக்டீரியாக்களில் ஒன்று பேசில்லஸ் சீரியஸ். அதன் வித்துகள் கொதிக்கும் சூட்டையும் தாங்கிக்கொள்ளும். வெந்த சோறு மெல்ல ஆறும்போது அந்த வித்துகள் விழித்துக்கொண்டு பெருகத் தொடங்கும். இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை அதற்குத் தேவையான ஈரம், சத்து, இதமான சூடு எல்லாம் மூடிய பாத்திரத்துக்குள் இருந்தன. பெருகும்போது அது ஒரு நச்சை விட்டுவைக்கிறது. 121 டிகிரி செல்சியஸில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அந்த நச்சு சிதைவதில்லை. காலையில் நீங்கள் போட்ட சூட்டில் பாக்டீரியாக்கள் செத்திருக்கலாம். நச்சு அப்படியே இருந்திருக்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வருவது இதன் இயல்பு. ஒன்றரைக்குச் சாப்பிட்டு நாலு மணிக்குள் வாந்தி என்பது இந்தக் கணக்கில் சரியாக விழுகிறது.

நம் கைகளிலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவுக்குப் போகும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற இன்னொன்றும் இதே வேலையைச் செய்யும். அதன் நச்சும் சூட்டுக்கு அடங்காது. இரண்டுமே வாசனையை மாற்ற வேண்டிய அவசியமில்லை. உணவை நாற வைப்பவை பெரும்பாலும் வேறு வகைக் கிருமிகள். அதனால் முகர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை, முக்கியமாகக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன், விட்டுவிடுங்கள்.

ஆகவே சுற்றுலாச் சாப்பாட்டுக்குத் திட்டம் போடும்போது, "என்ன செய்யலாம்" என்று தொடங்காதீர்கள். "அடுப்பிலிருந்து இறக்கியதற்கும் கடைசி ஆள் சாப்பிட்டு முடிப்பதற்கும் இடையில் எத்தனை மணி நேரம்?" என்பதுதான் முதல் கேள்வி. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் பெருகும். உடல் சூட்டை ஒட்டிய வெப்பத்தில் சில பாக்டீரியாக்கள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிவிடும். சமைத்த, ஈரமுள்ள உணவு இந்த இடைவெளியில் மொத்தமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஒரே மணி நேரம். உங்கள் பயணம் கோடையில் என்பதால் ஒரு மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் நாளை எடுத்துக்கொள்வோம். ஆறு மணிக்குக் கிளம்புகிறீர்கள். காலை உணவை வீட்டிலேயே சுடச்சுட முடித்துவிடுங்கள். அதைக் கட்டவே வேண்டாம். கிளம்பும் பரபரப்பில் எல்லோரும் தவிர்க்கப் பார்ப்பது அந்த வேளையைத்தான், ஆனால் அந்த ஒரு வேளை வீட்டில் முடிந்தாலே உங்கள் சுமையும் கவலையும் பெருமளவு குறைந்துவிடும். மதியச் சாப்பாடு ஏழு மணி நேரம் தாங்க வேண்டும். அப்படித் தாங்குவதற்கு வழிகள் மூன்றுதான்: 5 டிகிரிக்குக் கீழே குளிர்ச்சியாக இருப்பது, 60 டிகிரிக்கு மேலே சூடாக இருப்பது, அல்லது கிருமி வளர ஈரமே இல்லாத உலர்ந்த உணவாக இருப்பது. வெட்டாத பழம், பிரிக்காத பாக்கெட் ஆகியவற்றையும் மூன்றாவதோடு சேர்த்துக்கொள்ளலாம். மாலைக்கு உலர்ந்ததும் முழுதாக இருப்பதும் மட்டும் போதும். அந்த நேரத்தில் பனிக்கட்டி உருகியிருக்கும், எல்லோரும் களைத்திருப்பார்கள், எது எப்போது வெளியே எடுத்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

சூடாகவே வைத்திருக்கும் வழி கேட்க எளிது, செய்யக் கடினம். சாதாரண ஹாட் பாக்ஸ் ஏழு மணி நேரம் 60 டிகிரியைப் பிடித்து வைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. வெதுவெதுப்பாக வந்து சேரும் உணவுதான் எல்லாவற்றிலும் மோசம். அகல வாய் கொண்ட நல்ல பிளாஸ்க் இருந்தால், அதில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க சூப்போ பருப்போ நிரப்பி இறுக்கி மூடலாம். ஆனால் முன்னதாக ஒருநாள் வீட்டில் வெறும் கொதிநீர் ஊற்றி, ஏழு மணி நேரம் கழித்துச் சமையல் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். 60க்கு மேலே இருந்தால் அந்த பிளாஸ்கை நம்பலாம். இல்லையென்றால் டீக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது குளிர்ச்சி வழி. சோறு வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் ஆற்றுவதில் முழுக் கவனம் வையுங்கள். பெரிய பாத்திரத்தில் மேல் சோறு ஆறிவிட்டதுபோல் இருக்கும். நடுவில் கரண்டியை விட்டால் மணிக்கணக்கில் சூடு கிடக்கும். மூடியில் முத்து முத்தாக நீர் கோத்துத் திரும்பச் சோற்றிலேயே சொட்டும். அதனால் வெந்ததும் அகலமான தட்டுகளில் ஓர் அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். முள்கரண்டியால் கிளறிவிட்டு, விசிறிக் காற்று படும்படி வையுங்கள். ஆவி அடங்கியதும், ஒரு மணி நேரத்துக்குள், தட்டோடு ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். நன்றாகக் குளிர்ந்த பிறகே டப்பா, அதுவும் சின்னச் சின்ன டப்பா. காலையில் சூடு பண்ணவே வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து நேராக ஐஸ் பெட்டிக்கு. ஃபிரிட்ஜில் சோறு விறைக்கும் என்பதால் கொஞ்சம் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, பொடியாக நறுக்கிய வெள்ளரி சேர்த்துவிட்டால் குளிர்ந்த சோறே வெயிலுக்கு இதமாக இருக்கும்.

"புளிப்புச் சேர்த்தால் கெடாதே?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஊறுகாயில் இருப்பது போன்ற கடும் புளிப்பில் பெரும்பாலான கிருமிகள் வளராது. ஆனால் சோற்றின் மேல் பிழிந்த சாறு எல்லாப் பருக்கைக்கும் ஒரே அளவில் போய்ச் சேர்வதில்லை. ருசிக்குப் பிழியுங்கள், பாதுகாப்புக்குப் பனிக்கட்டியை நம்புங்கள்.

கோழியை இந்த முறை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. எடுத்தே தீர வேண்டுமென்றால் உள்ளே 75 டிகிரி வரும்வரை வேகவைத்து, சின்னத் துண்டுகளாக்கி, சோற்றைப் போலவே பரப்பி ஆற்றி, தனி டப்பாவில் வையுங்கள். சோற்றோடு கலந்து எடுத்துப் போக வேண்டாம். அவித்த முட்டை நல்ல பயண உணவு, ஓட்டோடு இருக்கும்வரை. அவித்ததும் குளிர்ந்த நீரில் போட்டு ஆற்றி, துடைத்து, ஃபிரிட்ஜில் வைத்து, ஓட்டோடேயே ஐஸ் பெட்டியில் கொண்டுபோய், சாப்பிடும்போது உரியுங்கள். வீட்டிலேயே உரித்து எடுத்துப்போனால், உரித்த விரல்களில் இருப்பதெல்லாம் ஈரமான வெள்ளைக்கருவில் ஒட்டிக்கொள்ளும். நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சாண்ட்விச் பிடிக்கும் என்றால் ரொட்டியைத் தனியாகவும் உள்ளே வைப்பதைக் குளிர்ச்சியாகவும் எடுத்துப்போய் அங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். ரொட்டி ஊறிப்போகாது என்பது கூடுதல் லாபம். பச்சை முட்டையில் வீட்டில் அடித்த மயோனைஸ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பழத்தில் இயற்கையே மூடி போட்டுத் தந்திருக்கிறது; அதை நாம் ஏன் முன்கூட்டியே திறக்க வேண்டும்? வாழை, ஆரஞ்சு, ஆப்பிள் எல்லாம் முழுதாக வரட்டும். தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர், வெயிலுக்கு அதைவிட நல்லது கிடைக்காது. ஆனால் தர்பூசணி, முலாம்பழம் போன்றவற்றில் புளிப்புக் குறைவு. வெட்டி வைத்தால் கிருமிகளுக்கு அது சமைத்த உணவு மாதிரிதான். தோலை வீட்டிலேயே தேய்த்துக் கழுவிவிடுங்கள். கத்தி தோல் வழியாகத்தான் உள்ளே போகிறது. போய்ச் சேர்ந்த பிறகு வெட்டி, அப்போதே தீர்த்துவிடுங்கள்.

ஐஸ் பெட்டி வாங்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம், வாங்குங்கள். முடிந்தால் இரண்டு. ஒன்று தண்ணீருக்கும் பானங்களுக்கும். அதைக் குழந்தைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பார்கள், திறக்கட்டும். இன்னொன்று மதியச் சாப்பாட்டுக்கு; அதைச் சாப்பாட்டு நேரம்வரை யாரும் தொடக் கூடாது. ஐஸ் பெட்டி எதையும் குளிர வைக்காது, குளிர்ந்ததைக் காப்பாற்றத்தான் அதற்குத் தெரியும். ஒரு கிலோ பனிக்கட்டி முழுதாக உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம், 25 டிகிரியில் இருக்கும் 4 கிலோ தண்ணீரை 5 டிகிரிக்கு இறக்குவதற்குச் சமம். சூடான டப்பாவை உள்ளே வைத்தால் கார் தெருவைத் தாண்டுவதற்குள் அந்தச் சக்தியில் பாதியைச் செலவழித்துவிடுவீர்கள். வைக்கப்போகும் எல்லாம் முதல் நாள் ராத்திரியே ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

பனிக்கட்டிக்குத் தண்ணீர் பாட்டில்களையே பயன்படுத்துங்கள். முக்கால் அளவு நிரப்பி இரண்டு நாள் முன்பே ஃப்ரீசரில் வைத்துவிட்டால், பெரிய கட்டியாக மெதுவாக உருகும், உணவில் நீர் சொட்டாது, உருகியதும் குடிக்கலாம். அடியில் ஒரு வரிசை, நடுவில் டப்பாக்கள், சுற்றிலும் மேலேயும் மறுபடி பாட்டில்கள். பெட்டியின் கொள்ளளவில் பாதியாவது பனிக்கட்டியாக இருக்கட்டும். காலி இடம் தெரிந்தால் துண்டை மடித்து அடைத்துவிடுங்கள். சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை டப்பாக்களுக்கு நடுவே வைத்துவிட்டால், சாப்பாட்டு நேரத்தில் திறக்கும்போது 5 டிகிரியா 15 டிகிரியா என்று அதுவே சொல்லிவிடும். சந்தேகமும் வேண்டாம், வாக்குவாதமும் வேண்டாம்.

பெட்டி டிக்கியில் போகக் கூடாது, ஏசி படும் இடத்தில் இருக்க வேண்டும். நிறுத்திய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் வெளிவெப்பத்தைவிட 20 டிகிரிக்கு மேல் ஏறிவிடும், அதிலும் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுவதால் பெரிய மாற்றம் எதுவும் வராது. இறங்கியதும் பெட்டியை நிழலுக்குக் கொண்டுபோய், மேலே ஈரத் துண்டு போர்த்துங்கள். குழந்தையைக் காரில் விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட நகரக் கூடாது என்பதையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

காரில் கொறிப்பதற்கு உங்கள் மகனுக்கும் மகளுக்கும் ஒரே டப்பா சரிப்படாது. குமட்டல் உள்ள பையனை வெறும் வயிற்றிலும் ஏற்றக் கூடாது, நிறைந்த வயிற்றிலும் ஏற்றக் கூடாது. கிளம்புவதற்கு ஒரு மணி முன்பாக எண்ணெய் இல்லாமல் லேசாக ஏதாவது கொடுங்கள். வழியில் உப்பு பிஸ்கட், வறுத்த ரொட்டித் துண்டு, பொரி மாதிரி உலர்ந்ததை அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சமாக, இடையிடையே இரண்டு வாய் தண்ணீர். பொரித்தது, சாக்லேட், டம்ளர் நிறையப் பால், கடும் வாசனை உள்ள எதுவும் காருக்குள் வேண்டாம். மற்றவர்கள் சாப்பிடும் வாசனையே அவனுக்குப் போதும். போனைக் கையில் கொடுத்துவிட்டால் நீங்கள் எதைக் கொடுத்தும் பயன் இல்லை; தூரத்தில் தெரிவதைப் பார்த்துக்கொண்டு வரட்டும்.

மகளுக்கு இரண்டு வயதுதான் என்பதால் புரையேறுவதுதான் என் பயம். முழுக் கடலை, முந்திரி, பாதாம், சோளப்பொரி, கெட்டி மிட்டாய், பச்சைக் கேரட் துண்டு எதுவும் அவள் கைக்கு எட்டக் கூடாது. ஐந்து வயது ஆகும்வரை முழுக் கொட்டைகள் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டியே கொடுக்க வேண்டும். ஓடும் காரில் பின் இருக்கையில் குழந்தைக்குப் புரையேறினால் சத்தமே கேட்காது. காரை நிறுத்தி, நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டுங்கள். மென்மையான வாழைப்பழமும் ரொட்டியும் அவளுக்குப் போதும்.

மாமனாருக்குத் தனிப் பை ஒன்று வேண்டும். அதில் இன்சுலின், குளுக்கோமீட்டர், வழக்கமான நேரத்துக்குச் சாப்பிட ஏதாவது, குளுக்கோஸ் மாத்திரை. பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பொதுவாக 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதற்காகப் பனிக்கட்டியோடு ஒட்டியும் வைத்துவிடாதீர்கள். உறைந்துபோன இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும். துணியில் சுற்றித் தனிக் குளிர் பையில் வையுங்கள். வெயிலில் இன்சுலின் உடலில் வேகமாக ஏறும், கூடவே நடையும் சேரும், சாப்பாடும் தள்ளிப்போகும். அவருக்கு வியர்த்துக் கொட்டினால் வெயிலால் என்று நினைத்துவிடுவோம். சர்க்கரை இறங்குவதற்கும் அதே வியர்வைதான் அறிகுறி. நடுக்கமோ தடுமாற்றமோ இருந்தால் அளந்து பாருங்கள். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது அரை டம்ளர் பழச்சாறு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு. சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும், அந்த நேரத்துக்கு அது உதவாது. பிரஷர் மாத்திரைகளில் சில நீரை வெளியேற்றுபவை. எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று புறப்படும் முன் அவருடைய மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

நாத்தனார் விஷயத்தில் லிஸ்டீரியா என்ற கிருமியை நினைவில் வைக்க வேண்டும். அது ஃபிரிட்ஜ் குளிரிலும் வளரும், கர்ப்பிணிகளையும் வயிற்றில் உள்ள குழந்தையையும் மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்கும். காய்ச்சாத பால், அதில் செய்த மென்மையான சீஸ், சூடு பண்ணாமல் சாப்பிடும் பதப்படுத்திய இறைச்சி, பச்சை முளைப்பயறு ஆகியவை அவருக்கு வேண்டாம். மதியத்துக்கு அவரைக் காத்திருக்க வைக்காமல், இரண்டு மணிக்கு ஒருமுறை கொஞ்சமாகச் சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும்.

தண்ணீர் பெரியவர்களுக்குத் தலைக்கு இரண்டு லிட்டர் என்று ஏற்றுங்கள், கைகழுவ வேறு. வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, கேட்கும்வரை காத்திருக்காமல் நீட்டுங்கள். கைக்கு சானிடைசர் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். மண்ணும் எண்ணெயும் பட்ட கையில் அது சரியாக வேலை செய்யாது. குழாய் வைத்த கேன் ஒன்றும் சோப்பும் எடுத்துப் போங்கள். பரிமாறுபவர் முதலில் கழுவட்டும், 20 வினாடி தேய்த்து.

சாப்பிட்டு மிஞ்சியதை என்ன செய்வது என்பதில்தான் நல்ல இல்லத்தரசிகள் தடுமாறுகிறார்கள், மனசு வராது. பெட்டியைவிட்டு ஒரு மணி நேரம் வெளியே இருந்த சோறு, முட்டை, கறி எதுவும் திரும்ப வீட்டுக்கு வர வேண்டாம். அதற்காகத்தான் சின்ன டப்பாக்கள் என்று சொன்னேன். ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறங்கள், திறக்காதது குளிரிலேயே இருக்கட்டும்.

வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையும் தப்பில்லை, கண்ணெதிரே கொதிக்கக் கொதிக்க இறக்கிக் கொடுத்தால். காலையில் செய்து அடுக்கி வைத்ததை வாங்கினால், அதன் மணிக்கணக்கு உங்களுக்குத் தெரியாது. அந்த வகையில் நீங்கள் கட்டும் சாப்பாடே மேல். இதை வீட்டில் உள்ளவர்களிடமும் சொல்லுங்கள்.

பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள் இரண்டு மூன்று போட்டுவையுங்கள். யாருக்காவது வயிறு கெட்டால் பாக்கெட் முழுவதையும் அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஒவ்வொரு கரண்டியாகத் தொடருங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடித்த நீர் வயிற்றில் தங்காதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, குழந்தை சோர்ந்து கண் சொருகுவது என்று எதைக் கண்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மாமனாருக்கோ நாத்தனாருக்கோ வாந்தி நிற்கவில்லை என்றால் இந்த அறிகுறிகளுக்காகவும் காத்திருக்காதீர்கள். போகும் இடத்துக்கு அருகில் உள்ள மருத்துவமனை எது என்பதை முன்கூட்டியே பார்த்து, இரண்டு கார் ஓட்டுபவர்களின் போனிலும் பதிந்துவிடுங்கள்.